அரம் போட வேண்டியது சாய்வான ஓரத்தில் மட்டும்

ஹெட்ஜ் டிரிம்மர் (வேலிச்செடியைக் கத்தரிக்கும் மெஷின்) பிளேடில் ஒவ்வொரு பல்லையும் இரண்டு முகத்திலும் அரம் போட்டால்தான் கூர்மை நிற்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் சொல்கிறேன், அது சரியான முறை அல்ல.

இந்த மெஷின் வெட்டுவது கத்தரிக்கோல் மாதிரி. இரண்டு பிளேடுகளின் தட்டை முகங்கள் ஒட்டினாற்போல் ஓடும்போது, நடுவில் மாட்டும் தண்டு துண்டாகிறது. அந்தத் தட்டை முகத்தை அரத்தால் தேய்த்தால் நடுவே இடைவெளி விழும். அப்புறம் ஓரம் எவ்வளவு கூராக இருந்தாலும் இலை மடங்கி உள்ளே போகும், தண்டு நார்நாராகக் கிழியும். போன உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதுதான் என் கவலை.

சாய்வான ஓரத்தை மட்டும், ஏற்கெனவே உள்ள சாய்விலேயே, ஒரே திசையில் தீட்டுங்கள். பின்பக்கம் எழும் பிசிறுக்குச் சாணைக்கல்லை மட்டமாக வைத்து லேசாக ஒரு இழுப்பு போதும்.

நீங்களே சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி என்றால் கழற்றிவிட்டு, கையுறையோடு ஒரு பல்லை வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு முகம் சாய்வு, மறுமுகம் தட்டை. சாய்வில் மார்க்கர் மை பூசி அரத்தை ஒருமுறை தள்ளுங்கள். மை முழுவதும் போனால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் போனால் அரத்தை அதிகம் நிமிர்த்திப் பிடித்திருக்கிறீர்கள். மெஷினோடு வந்த கையேட்டிலும் தீட்டும் பகுதியைப் பாருங்கள்.