கொலுசு சேமிப்பு ஆகாது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். இதைச் சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. கையில் நாலு காசு மிஞ்சும்போதெல்லாம் சேமிப்பு என்று கொலுசு வாங்காதீர்கள்.

அம்மா இருபது வருடமாக அப்படித்தான் வாங்கினார். ஆடிக்கு ஒரு ஜோடி, தீபாவளிக்கு ஒரு ஜோடி. போன மாதம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முக்கால் கிலோவை எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் டச் பார்த்தார், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்று. சில ஜோடி எழுபது, சிலது அறுபதுக்கும் கீழே. 750 கிராம் கொடுத்து, 500 கிராம் சுத்த வெள்ளிக்குக்கூடக் காசு வரவில்லை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம் கொடுத்தது தனிக்கதை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. "இதையே நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன டச் போடுவீங்க?" என்று வாங்கிய அன்றே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். இன்றைய விலையை எல்லோரும் கேட்கிறோம், இதை ஒருவரும் கேட்பதில்லை.

சேமிப்புக்கு என்றால் 999 கட்டி வெள்ளி, அதாவது 99.9 சதவீதம் சுத்தமானது. அதிலும் அஞ்சு கிராம், பத்து கிராம் காசு வேண்டாம். சின்னக் காசில் அச்சுக்கூலியும் லட்சுமி படம் போட்ட டப்பாவும் விலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நாலைந்து மாதம் பணம் சேர்த்து நூறு கிராமாக வாங்கலாம். 3 சதவீத ஜிஎஸ்டி எதற்கும் உண்டு, அதிலிருந்து தப்ப முடியாது. பில்லைத் தவிர்க்காதீர்கள். தங்க நகை என்றால் 2023 ஏப்ரலிலிருந்து ஹெச்யுஐடி கட்டாயம்; ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் அது. பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் விருப்பம்தான், அதனால் கேட்டு வாங்க வேண்டும். வங்கியில் தங்கக் காசு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விற்கும் வங்கி அதைத் திரும்ப வாங்காது.

நகைச் சீட்டு? பெரும்பாலும் பதினோரு மாதம்தான் இருக்கும். முன்பணத்தை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் டெபாசிட் கணக்கில் வந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு. சலுகையும் பொதுவாக நகையின் சேதாரத்தில்தான் கிடைக்கும். கல்யாணம் வைத்திருப்பவர்கள் போடட்டும்.

சரி, கட்டியாகவே வாங்கிக் குவிக்கலாமா என்றால் அதிலும் ஒரு சிக்கல். ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகளும் நகைக்கடன் நிறுவனங்களும் கட்டித் தங்கத்தையும் கட்டி வெள்ளியையும் அடகு பிடிக்க மாட்டார்கள். அவசரத்துக்கு அங்கே அடகு வைக்கப் போகும் வீடு என்றால், கல் வைக்காத ஒரு சங்கிலியோ வளையலோ இருக்கட்டும். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடுதான்.

வைக்கும் இடம் இன்னொரு தலைவலி. ஒரே பணத்துக்கு வாங்கிய தங்கம் கைக்குள் அடங்கும், வெள்ளி பீரோவில் ஒரு தட்டைப் பிடிக்கும். லாக்கரில் போட்டால் நிம்மதி என்பார்கள். தீயோ திருட்டோ வங்கி ஊழியரின் மோசடியோ நடந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். பத்து பவுன் வைத்திருப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வீட்டில் வைப்பதானால் வெள்ளியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் கறுக்க வைத்துவிடும். ஏற்காட்டில் இருக்கும் சித்தி வீட்டில் மூடுபனி ஈரத்துக்கு இன்னும் சீக்கிரம் கறுக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு இரண்டு சாக்பீஸ் வைத்திருக்கிறார். கறுத்தாலும் எடை பெரிதாகக் குறையாது, பார்க்கத்தான் மனசு கேட்காது.

அம்மாவுக்கு நேற்று நூறு கிராம் கட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சத்தமே வரலியேடா" என்றார்.