ஹார்மோன் மாத்திரை பிபி மருந்து இல்லீங்க

"மாதவிடாய் நின்னா எல்லாருக்கும் பிபி ஏறும், ஹார்மோன் குறையறதுதான் காரணம், ஹார்மோன் மாத்திரை போட்டா இறங்கிடும், பிபி மாத்திரையே வேண்டாம்"னு மேல ஒரு அக்கா எழுதியிருக்காங்க. கால்வாசிதான் சரி. ஈஸ்ட்ரோஜன்ங்கற அந்த ஹார்மோன் குறைஞ்சா ரத்தக்குழாய் தளர்ந்து விரியறது குறையும், உண்மை. ஆனா வயசோட தமனி விறைக்கிறது, வயித்தைச் சுத்திப் போடற சதை, பரம்பரை, சர்க்கரை, குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்ற தூக்கம்னு பலதும் சேர்ந்துதான் ஏத்துது. எல்லாருக்கும் ஏறவும் ஏறாது.

முக்கியமா, கர்ப்பத்துல பிபி வந்தவங்களுக்குப் பின்னாடியும் வர வாய்ப்பு அதிகம். பிள்ளைக்கே கல்யாண வயசு ஆகியிருந்தாலும் டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி முழுங்கற டைக்ளோஃபெனாக்கையும் சொல்லுங்க, அது உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வச்சு பிபியை ஏத்தும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகா, அப்பளம், கருவாடு எல்லாம் இதுல அடக்கம் (நம்ம வீட்டுல நடக்கற காரியமானு கேக்காதீங்க).

2002ல அமெரிக்காவுல வெளிவந்த பெரிய ஆய்வுல, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின்ங்கற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்களுக்குப் பக்கவாதம் கூடினதுதான் தெரிஞ்சது. திடீர் திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்க்கிற தொந்தரவுக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கறது வேற விஷயம். அதை நம்பி பிபி மாத்திரையை நிறுத்திடாதீங்க அக்கா.