பத்துக்குப் பத்து

போன வாரம் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கப் போயிருந்தேன். கவுன்டரில் பணம் கட்டி, கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அட்வைசர் தம்பி வண்டிப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்கிறான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணா, நாளைக்கு கம்பெனில இருந்து போன் வருங்ணா. எல்லாத்துக்கும் பத்துன்னு சொல்லிருங்ணா. ஒம்போதுன்னு சொன்னாக்கூட எனக்கு இன்சென்டிவ் போயிருங்ணா."

கார் வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துப் பத்து கொடுத்தும் இருப்பீர்கள். ஆறு வருடமாக நானும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கொடுக்கவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது 2016 மாடல் டீசல் ஆட்டோமேட்டிக். விளம்பரங்களில் 'எக்ஸிகியூட்டிவ் செடான்' என்று சொல்வார்களே, டிக்கி தனியாக நீண்டிருக்கிற பெரிய, சொகுசான கார், அந்த வகை. 2019இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது ஒரு கம்பெனியைப் பற்றி இல்லை.

வாங்கிய இரண்டாம் வருடமே காலை நேர நெரிசலில் ஒரு உதறல் ஆரம்பித்தது. கோவை லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்று கிளம்பும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற இடத்தில், பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு இடி. வண்டி சூடான பிறகுதான் வரும். மூன்று சர்வீஸில் மூன்று தடவை சொன்னேன். மூன்று ஜாப் கார்டிலும், அதாவது சர்வீஸ் வேலையை எழுதிவைக்கிற தாளிலும், ஒரே வரி: டெஸ்ட் டிரைவில் கம்ப்ளெயின்ட் தெரியவில்லை. காலை எட்டு மணிக்கு, ஆறிப்போன வண்டியைக் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்? ஆனால் மறுநாள் போன் வந்தபோது மூன்று தடவையும் பத்து என்றுதான் சொன்னேன்.

அடுத்த வருடம் மேட்டுப்பாளையம் ரோட்டில், குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும்போது, கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டது. டோ வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். கியர் மாறுவதைக் கட்டுப்படுத்துகிற கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது என்றார்கள். பில் 1,86,000 ரூபாய். ஆரம்பத்திலேயே சொன்னேனே, அப்போதே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "சார், நீங்களே மூணு தடவையும் பத்து குடுத்திருக்கீங்களே."

எனக்குப் பேச்சு வரவில்லை.

பணத்தை விடுங்கள், அது எப்படியோ புரட்டிக் கட்டியாகிவிட்டது. இந்த இடி ஆரம்பித்து நாலு மாதம் இருக்கும்போது ஈரோட்டில் இருக்கிற என் மச்சினன், "மாமா, உங்க வண்டி எப்படி? அதே மாடல் ஒண்ணு வருது, எடுக்கட்டுமா?" என்று கேட்டான். "சூப்பர் வண்டிடா, கண்ணை மூடிட்டு எடு" என்றேன். எடுத்தான். ஒன்றரை வருடம் கழித்து அவனுக்கும் அதே பில். "மாமா, உங்க வண்டியும் அப்போ இப்படித்தான் இழுத்துச்சா?" என்று போனில் கேட்டான். கோபமே இல்லை அவன் குரலில். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பெரிய காசு போட்டு வாங்கிய பொருளைக் குறை சொல்ல வாய் வராது. கல்யாண மண்டபத்து வாசலில் அந்த வண்டியிலிருந்து இறங்குகிற மதிப்பு நமக்குப் பிடித்துப்போய்விடுகிறது. வண்டியைக் குறை சொன்னால் நம் புத்தியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று உள்ளே ஒரு பயம். இது நம் ஊர்க் குணம் மட்டும் கிடையாது. அமெரிக்காவில் 1957இலேயே உளவியல் ஆய்வாளர்கள் புதுக் கார் வாங்கியவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அதிகம் படித்த கார் விளம்பரம் எது தெரியுமா? தாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட அதே காரின் விளம்பரம். வாங்கி முடித்த பிறகும் 'சரியான முடிவுதான்' என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் நமக்கு.

இப்போது அந்தப் பத்து மார்க் கணக்குக்கு வருகிறேன். "எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று கேட்கிற முறையை 2003இல் பிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்கர் எழுதிப் பிரபலமாக்கினார். அதில் ஒன்பதும் பத்தும்தான் ஆதரவு. ஏழும் எட்டும் கணக்கிலேயே வராது. ஆறும் அதற்குக் கீழும் எதிர்ப்பு. ஆதரவு சதவீதத்திலிருந்து எதிர்ப்பைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண். நம் ஊரில் 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்பு என்று நினைத்து ஒருவர் ஆறு கொடுத்தால் அந்தக் கணக்கில் அவர் எதிரி. ஏழு நல்ல மார்க் என்று வளர்ந்தவர்கள் நாம். ஏழு கொடுத்ததற்கு ஒரு பையன் திட்டு வாங்குகிறான். இதை எந்த வாடிக்கையாளருக்கும் யாரும் விளக்குவதில்லை. பதிலாகப் பையனைக் கெஞ்ச விடுகிறார்கள். கெஞ்சி வாங்கிய பத்தை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி என்னதான் தெரிந்துகொள்ளும்?

கார் சர்வே என்பது தொடங்கியபோது இப்படி இல்லை. டேவ் பவர் என்பவர் 1968இல் கலிபோர்னியாவில் ஜே.டி. பவர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆபீஸ் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வீட்டுச் சமையலறை மேஜைதான். மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருந்தவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். திரும்பி வந்த தாள்களை அவர் மனைவி ஜூலி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தார். எஞ்சினுக்குள் இருக்கிற ஓ-ரிங் சீல், அதாவது கசியாமல் அடைக்கிற வளையம், கொஞ்ச தூரம் ஓடியதும் போய்விடுகிறது. 1973இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் செய்தி வந்து பெரிய பரபரப்பு. திருப்தியா என்று கேட்டு இது தெரிந்திருக்காது. என்ன கெட்டுப்போனது என்று கேட்டதால் தெரிந்தது. இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் தர சர்வேக்களில் அடிப்படைக் கணக்கு 100 வண்டிக்கு எத்தனை பழுது என்பதுதான். புது வண்டியென்றால் முதல் 90 நாள். நீடிக்கிறதா என்று பார்ப்பதற்கு மூன்று வருடம் ஓடிய வண்டியின் உரிமையாளர்களைக் கேட்கிறார்கள்.

இந்த எண்ணிக்கைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு எக்ஸிகியூட்டிவ் கார்தான். 1980களில் பிரிட்டனின் ரோவரும் ஜப்பானின் ஹோண்டாவும் சேர்ந்து ஒரு வண்டியை உருவாக்கின. அடித்தளம் பொது. வி6 என்கிற ஆறு சிலிண்டர் எஞ்சின் ஹோண்டாவுடையது, இரண்டுக்கும் அதே. மேலே போர்த்திய உடலும் உள்ளலங்காரமும் மட்டும் அவரவர் இஷ்டம். ரோவர் தன்னுடையதை ஆக்ஸ்போர்டு பக்கத்தில் கௌலி தொழிற்சாலையில் செய்து, அமெரிக்காவில் 1987இல் 'ஸ்டெர்லிங்' என்று விற்றது. ஹோண்டா தன்னுடையதை ஜப்பானில் செய்து 'அக்யூரா லெஜன்ட்' என்று 1986இலேயே இறக்கியிருந்தது. ஷோரூமில் பார்த்தால் ஸ்டெர்லிங்தான் மனதை அள்ளும். உண்மையான மர வேலைப்பாடு, நல்ல தோல் சீட், ஆங்கிலேயக் கம்பீரம். லெஜன்ட் பக்கத்தில் கொஞ்சம் சாதுவாக நிற்கும்.

பிறகு வாங்கியவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஸ்டெர்லிங்கில் வயரிங் கோளாறு, பெயின்ட் கோளாறு, துரு, கழன்று வருகிற உள்பாகங்கள். எஞ்சின் மட்டும் பத்திரம், அது ஹோண்டா. ஜே.டி. பவரின் வாடிக்கையாளர் திருப்திப் பட்டியலில் அக்யூரா 1987 தொடங்கித் தொடர்ந்து நான்கு வருடம் முதலிடம். ஸ்டெர்லிங் அதே பட்டியலின் அடிமட்டத்தில். ஒரே எஞ்சின், ஒரே அடித்தளம்! வித்தியாசம் எங்கே என்று எந்த நிபுணரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓட்டியவர்கள் எண்ணிச் சொன்ன பழுதுகளே விரலை நீட்டிக் காட்டிவிட்டன. 1991இல் ஸ்டெர்லிங் அமெரிக்காவை விட்டே போய்விட்டது. அந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் யாரோ ஒரு பையனுக்காகப் பத்துக்குப் பத்து போட்டிருந்தால் இன்னும் எத்தனை பேர் அந்த வண்டியை வாங்கி மாட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோவர் என்றதும் நம் சென்னை ஞாபகம் வருகிறது. அந்த ஸ்டெர்லிங்குக்கு முந்தைய ரோவர் மாடல் எஸ்.டி.1. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. அதே உடல்தான் 1985இல் வண்டலூரில் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் வந்தது. ஆனால் உள்ளே இருந்தது 1940களின் இறுதியில் வந்த வேன்கார்டு காரின் பரம்பரை எஞ்சின். அவ்வளவு அழகான, கனமான உடலை அந்த எஞ்சினால் இழுக்க முடியவில்லை. 1988இல் எல்லாம் முடிந்தது. நம் நாட்டில் அன்றைக்கு இந்த மாதிரி சர்வே கிடையாது. மெக்கானிக் சொல்வதும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும்தான் சர்வே. அந்த வாய்ச்சொல்லை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், அதனால் அது வேலை செய்தது.

அப்படியானால் வண்டியைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதே தப்பா? இல்லை. பிடித்திருப்பது வேறு, பழுது வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 2015இல் டெஸ்லா மாடல் எஸ் காருக்கு நடந்தது இதுதான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பத்திரிகை, விளம்பரமே வாங்காதவர்கள். அவர்களுடைய சோதனையில் அந்தக் கார் நூற்றுக்கு 103 எடுத்து, மதிப்பெண் முறையையே மாற்ற வைத்தது. இரண்டே மாதத்தில், சுமார் 1,400 உரிமையாளர்களிடம் கேட்டதில் மோட்டார், சார்ஜிங், பெரிய தொடுதிரை, சன்ரூஃப் என்று பழுதுகள் குவிந்ததால் அதே பத்திரிகை தன் பரிந்துரையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் அதே உரிமையாளர்களிடம் "மறுபடியும் இதே காரை வாங்குவீர்களா" என்று கேட்டபோது 97 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். காதலும் உண்மை, கோளாறும் உண்மை. இரண்டையும் ஒரே பத்துக்குள் அடைத்திருந்தால் கோளாறு வெளியே வந்தே இருக்காது.

நம் ஊரில் இது இப்போது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த வகை வண்டிகளே புதிதாக வருவது நின்றுகொண்டிருக்கிறது. சிவிக், கொரோலா ஆல்டிஸ் இரண்டும் 2020இல் நின்றன. எலான்ட்ரா 2022இல். ஆக்டேவியா 2023இல். எல்லோரும் எஸ்.யூ.வி பக்கம் போய்விட்டார்கள். இனி எக்ஸிகியூட்டிவ் செடான் ஆசைப்படுகிற நடுத்தரக் குடும்பம் பழைய மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டும். புது வண்டியே இல்லை என்னும்போது அதற்கு சர்வே எங்கிருந்து வரும்? பத்து லட்சம் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு என்னைப் போல ஏற்கெனவே ஓட்டுகிறவன் சொல்கிற வார்த்தை மட்டும்தான் ஆதாரம்.

போன வாரத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பியிடம் அங்கேயே சொன்னேன். "உன்னைப் பத்திக் கேட்டா பத்துதான் தம்பி, நீ நல்லாப் பண்ணுன. வண்டியைப் பத்திக் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்." தலையாட்டினான். மறுநாள் போன் வந்தது. அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு எண். அவனையும் வண்டியையும் பிரித்துச் சொல்ல அதில் இடமே இல்லை. ஏழு என்றேன். "சார், ஏதாவது குறையா சார்?" என்று பதறினாள். முன்பக்க இடது சஸ்பென்ஷனில் சத்தம் இருக்கிறது, இரண்டு தடவை சொல்லியும் போகவில்லை, அதை எழுதிக்கொள்ளம்மா என்றேன். அன்றைக்கு ராத்திரியே கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். அட்வைசர் பெயரைப் போட்டு அவன் வேலையைப் பாராட்டி ஒரு பத்தி. தேதியும் ஜாப் கார்டு நம்பரும் போட்டுப் பழுதைப் பற்றி ஒரு பத்தி. இனிமேல் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதைத்தான் செய்யப் போகிறேன்.

நேற்று மச்சினனிடமும் பேசினேன். என் பழைய பில்களையெல்லாம் எடுத்துவைத்து ஒரு நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அதையே இங்கேயும் போடுகிறேன். இதே மாதிரி வண்டி பார்க்கிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், மாடல் பெயரையும் சொல்கிறேன்.

2016 டீசல் ஆட்டோமேட்டிக். 48,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 1,12,000. எஞ்சினில் இதுவரை ஒரு ரூபாய் செலவில்லை. கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் 81,000இல் போனது, அதற்கு முன்பே உதறல் வந்தது, சூடான பிறகு மட்டும். ஏ.சி. ஒரு தடவை கேஸ் லீக். முன் சஸ்பென்ஷன் புஷ் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, சத்தம் இன்னும் இருக்கிறது. மைலேஜ் லிட்டருக்கு ஹைவேயில் 18, ஊருக்குள் 12 கொடுக்கிறது. சீட்டில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காது. மறுபடியும் வாங்குவேனா? மேனுவல் கியர் கிடைத்தால் வாங்குவேன். ஆட்டோமேட்டிக் என்றால் வாங்க மாட்டேன்.