320 ரூபாய் விசிறி

பிடிஎப் கேட்பவர்களை இனிமேல் நான் மனிதர்களாக மதிப்பதாக இல்லை. சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி. சொந்தக்காரர்களாக இருந்தால் ரொம்பச் சரி.

நேற்று சத்துவாச்சாரியில் பெரியம்மா பையன் வீட்டுக் கிரகப்பிரவேசம். வைகாசிக் கடைசி முகூர்த்தம். கத்திரி முடிந்து பத்து நாள் ஆகிவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. வேலூர் வெயிலுக்குக் காலண்டர் பார்க்கும் பழக்கம் கிடையாது. நாலரை மணிக்குப் பால் காய்ச்சினார்கள். ஏழு மணிக்கெல்லாம் ஹாலில் நாற்பது பேர், கண்ணைக் கரிக்கும் ஹோமப் புகை, மேலே அண்ணாந்து பார்த்தால் ஃபேன் மாட்டுகிற கொக்கி மட்டும் தொங்குகிறது. மூன்று கொக்கி. ஃபேன் எல்லாம் அட்டைப்பெட்டியோடு மாடியில் இருக்கிறதாம், எலக்ட்ரீஷியன் வரவில்லையாம்.

என் பையில் நான் எழுதிய நாவலின் பிரதி ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. அதுவும் என்னுடையது இல்லை. காந்தி நகரில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இரண்டு வாரம் முன்னால், நான் கேட்காமலே, ஜிபேயில் 320 ரூபாய் போட்டுவிட்டு, "அவசரமில்லை, இந்தப் பக்கம் வரும்போது கொடுங்கள்" என்று செய்தி அனுப்பியிருந்தார். இப்படி நாலு பேர் இருப்பதால்தான் பாலாற்றில் எப்போதாவது தண்ணீர் வருகிறது. அவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். விசேஷம் முடிந்ததும் பாலத்தைத் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று கையோடு எடுத்து வந்தேன். என் புத்தியை எதால் அடிக்க?

"இன்னாம்மா, புக்கு ஒண்ணு போட்டுக்கிறியாமே!"

சித்தப்பா. முப்பது வருஷம் கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், ஃபேன் இல்லாத ஹாலில் சரியாக நடுக்கொக்கிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான். நான் பத்தாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போனபோது சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தவர். அதை இப்போது சொல்லக் கூடாது, கோபம் குறைந்துவிடும்.

அவர் குரல் சாதாரணமாகவே அடுத்த தெருவுக்குக் கேட்கும். நாற்பது தலையும் திரும்பியது. "கதையா, கவிதையா?" என்று ஒரு அத்தை. "சொந்தமா எழுதினதா?" என்று இன்னொரு அத்தை. இல்லை அத்தை, வாடகைக்கு எடுத்தது. "வேலூரைப் பத்தின கதையா? அப்போ கோட்டை, திப்பு சுல்தான் குடும்பம்லாம் வருமே" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துப் பெரியவர். வராது என்றேன். "சிப்பாய் புரட்சி?" அதுவும் வராது. அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம், பாவம். 1806 ஜூலை 10-ந் தேதிக்கு அப்புறம் இந்த ஊரில் யாரும் பிறக்கவில்லை, சாகவில்லை, சண்டை போடவில்லை, கடன் வாங்கவில்லை போலிருக்கிறது.

அதற்குள் சித்தப்பா என் பையில் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். பின்னட்டையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்தார். "லாட்ஜில்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். ஹாலில் ஒரு கனத்த அமைதி. ஐயர்கூட அரை நொடி மந்திரத்தை நிறுத்தியதாக எனக்குத் தோன்றியது.

"லாட்ஜில நடக்குற கதையாம்மா?"

"ஆஸ்பத்திரி லாட்ஜ் சித்தப்பா."

காந்தி ரோடு பக்கம் போய்ப் பாருங்கள், மெஸ் போர்டிலிருந்து மருந்துக்கடை வரைக்கும் வங்காளத்தில் எழுதியிருக்கும். வைத்தியத்துக்காக இரண்டு நாள் ரயிலில் வந்து, மாசக்கணக்கில் ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறவர்கள். அந்த மாதிரி ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்து வங்காளம் பேசக் கற்றுக்கொண்ட குடியாத்தம் பையனின் கதை. ஐந்து வருஷம் எழுதினேன். அதை நாற்பது பேருக்கு நடுவில், அது "அந்த மாதிரி" லாட்ஜ் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை வந்தது.

சரி, அதைக்கூட விடுங்கள்.

"எவ்ளோம்மா?"

"320 ரூபாய்."

"முந்நூத்தி இருபதா! பேப்பர்தானேம்மா இது?"

ஆமாம் சித்தப்பா, பேப்பர்தான். 272 பக்கம், அச்சகக் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று 17 பாரம், 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் தாள், அட்டைக்கு மேட் லேமினேஷன். நான் யூனிகோடில் தட்டிக் கொடுத்ததை அவர்கள் பழைய ஃபான்டுக்கு மாற்ற, "கொ" எல்லாம் மூன்று துண்டாக உடைந்து, கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் கிடந்தன. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். அப்படியும் 47-ம் பக்கத்தில் ஒரு "ச்" போய்விட்டது. அதை மட்டும் இதுவரை ஆறு பேர் போன் பண்ணிச் சொன்னார்கள், மற்ற 271 பக்கங்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அச்சடித்தது 300. பிரதிக்கு 125 ரூபாய் அச்சுக்கே போச்சு. கடையில் வைத்தால் 40 சதவீதம் கழிவு, அதாவது 128 ரூபாய் அவர்களுக்கு. மிச்சம் 67. இதில் அட்டை வரைந்தவருக்கு, மெய்ப்புப் பார்க்க உதவியவருக்கு, வெளியீட்டு விழா சமோசாவுக்கு. தபாலில் அனுப்பலாம் என்றால், 2025 மே மாசத்திலிருந்து புத்தகத்துக்கென்றே ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய். என் நாவல் கவரோடு 312 கிராம். முடிவுரை என்று கடைசியில் ஒன்று எழுதினேன் பாருங்கள், அதுதான் அந்த 12 கிராம். எவனும் கேட்கவில்லை அந்த முடிவுரையை.

சட்டப்படி இலவசமாகக் கொடுக்க வேண்டிய பிரதிகள் வேறு இருக்கின்றன. 1954-ம் வருஷத்துச் சட்டம். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்று, கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று, நம் செலவில் அனுப்ப வேண்டும். சந்தோஷமாக அனுப்பினேன். அந்த நாலு இடத்திலிருந்தும் "பிடிஎப் இருக்கா" என்று கேட்டு யாரும் செய்தி போடவில்லை.

இதெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சிரித்தேன். பெண்பிள்ளை எழுத்தாளராக இருந்தால் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் "புக்கு போட்டதும் தலைக்கனம் வந்துடுச்சு" என்பார்கள். (எழுதுகிற ஆண் யாரிடமாவது "வீட்ல சமையல் யாரு பாக்குறா?" என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. என்னை நேற்று மூன்று பேர் கேட்டார்கள்.)

"பிடிஎப் இருந்தா வாட்ஸ்அப்புல போட்டு உடும்மா. நான் போன்லயே படிச்சுக்கறேன்."

வந்துவிட்டதா. எந்தப் போன் தெரியுமா? எழுத்தின் அளவை அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிற போன். "காலை வணக்கம்" என்பதே இரண்டு வரி வரும். அதில் 272 பக்கம் படிக்கப்போகிறார். அந்தப் போனுக்குள் ஏற்கெனவே மூலிகை வைத்தியம், திருமந்திரம், வர்மக்கலை எல்லாம் பிடிஎப்பாக, திறக்கப்படாமல், கோட்டை அகழித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கின்றன. பிடிஎப் கேட்கிற எவரும் படிக்கக் கேட்பதில்லை. நம்மிடமிருந்து ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், தாம்பூலப் பை மாதிரி.

"இல்லைங்க சித்தப்பா, அது கொடுக்குறதில்லை. கிண்டில்ல இருக்கு."

"அது எதுக்கும்மா. உங்கிட்ட இருக்குமில்ல, அத்த அனுப்பு."

இல்லை என்று மறுபடி சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "செரி, பாக்கலாம்" என்றார். என்னவோ நான் அவரிடம் கடன் கேட்ட மாதிரி. அப்படிச் சொல்லிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, புத்தகத்தை வலது கையில் முதுகுப் பக்கமாகப் பிடித்து விசிற ஆரம்பித்தார்.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. இரண்டு விசிறு, மூன்று விசிறு என்று பார்த்தேன். அப்புறம் அவர் உட்காரும் தோரணை மாறியது. பின்னால் சாய்ந்தார். மேல்துண்டை எடுத்து மடியில் போட்டார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி அங்கேயும் கொஞ்சம் காற்றை அனுப்பினார். புத்தகம் நடுவில் விரிந்து படபடவென்று அடித்தது. அந்தப் பக்கத்தில் என் நாவலின் முக்கியமான சாவு ஒன்று நடக்கிறது.

"சித்தப்பா, அந்தப் புக்கு வேற ஒருத்தருக்கு..."

"இரும்மா, தரேன். இன்னா புழுக்கம்!"

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். பூர்ணாகுதி முடிந்தது, கற்பூரம் காட்டினார்கள், எழுந்து கும்பிட்டார், புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. அக்குளில்! மேட் லேமினேஷன் வியர்வையைத் தாங்காது என்று அச்சகத்தில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி விசிறல். நடுவில் சித்தி வந்து வாங்கிப் போய்த் தூங்குகிற குழந்தைக்கு விசிறினாள். குழந்தை ஒருதரம் விழித்து அட்டையைக் கடித்தது. நர்ஸம்மாவின் பெயரெழுதிய பிரதியின் மூலையில் இப்போது இரண்டு பல் தடம்.

திரும்ப சித்தப்பா கைக்கே வந்து சேர்ந்தது. வாசலில் யாரோ சந்தனக் கிண்ணம் நீட்ட, நாலு விரலையும் தோய்த்துக் கழுத்தில் பூசிக்கொண்டு, அதே கையால் புத்தகத்தைப் புரட்டிப் பிடித்தார். பின்னட்டையில் என் போட்டோ இருக்கிறது. சரியாக நெற்றியில், நடுநெற்றியில், ஒரு சந்தனப் பொட்டு. மாலை ஒன்று போட்டுப் பக்கத்தில் விளக்கேற்றினால் முடிந்தது. தாண்டிப் போன ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு "எப்போ ஆச்சு?" என்று என்னிடமே கேட்டாள்.

அப்போதுதான் பெரியம்மா பையனுக்கு ஞானோதயம் வந்து, எங்கிருந்தோ நிஜமான பனைவிசிறி நாலைந்து கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான். நான் அப்பாடா என்று கையை நீட்டினேன். சித்தப்பா பனைவிசிறியை வாங்கி இரண்டு தரம் வீசிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

"அது வேணாம்பா. இதுலதான் காத்து நல்லா வருது."

சத்தியமாகச் சொல்கிறேன், புத்தகம் வந்து நாலு மாசத்தில் வேறொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து என் நாவலே மேல் என்று ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. வாசலுக்குப் போய், மாட்டையும் கன்றையும் ஓட்டி வந்தவர் பக்கத்தில் நின்று சிரித்தேன். அவர் நகர்ந்து போனார்.

நர்ஸம்மாவுக்கு வீட்டிலிருந்து வேறு பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு 125. இரவு சித்தப்பா குடும்பக் குழுவில் அட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். "நம் குடும்பத்தின் எழுத்தாளர். அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய நூல்." கீழே இருபத்து மூன்று வாழ்த்து. பதினாறு பேர் "வாழ்த்துக்கள்", ஏழு பேர் "வாழ்த்துகள்". எது சரி என்று அதற்குள் இரண்டு மாமாக்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தோராவது செய்தியில் ஒரு தம்பி, "அக்கா, பிடிஎப் இருக்கா?"

கிண்டிலில் எத்தனை பக்கம் படித்தார்கள் என்கிற கணக்கைத் திறந்து பார்த்தேன். நேற்றைக்குப் படிக்கப்பட்ட பக்கம் 11. யாரோ ஒரு புண்ணியவான். பதினொன்றோடு தூங்கிவிட்டார்.

அப்புறம் அந்தத் தாம்பூலப் பை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார்கள். மூடி ஒரு சைஸ், டப்பா ஒரு சைஸ். காலையிலிருந்து அழுத்திப் பார்க்கிறேன், ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் எழும்புகிறது. ஏன்டா, அவ்வளவு செலவு பண்ணி வீடு கட்டினவனே, நூறு டப்பா வாங்கும்போது ஒரு மூடியையாவது மூடிப் பார்த்து வாங்க மாட்டாயா?