தண்டலும் ஈமானும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (தொழுகையை ஒட்டி நடக்கும் மார்க்கச் சொற்பொழிவில்) வட்டியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். இது யாருக்குச் சொல்லப்படுகிறது? ஹஜ்ரத் (பள்ளிவாசல் இமாம்) முன்வரிசையைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஆனால் சூடு போய் விழுவது கடைசி வரிசையில், செருப்பு ரேக் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்பாடி வண்டிக்காரர் மேல். வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர்கள் எல்லாரும் சமம் என்ற ஹதீஸை (நபிமொழியை) சொல்லி, "ஈமான் (இறைநம்பிக்கை) இருந்தால் விடலாம்" என்று முடிப்பார்கள்.

வட்டி ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. அதை விடும் ஈமான் எங்கிருந்து வரும் என்பதில்தான் பேச்சு.

நோன்பும் கஷ்டம்தான். வெயிலில் மூட்டை தூக்கிக்கொண்டே முப்பது நோன்பையும் பிடிப்பவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் முடிந்துவிடுகிற விஷயம். கடன் அப்படி இல்லை. நடுவில் தண்டல்காரன், அதாவது தினவசூலுக்குக் கடன் கொடுப்பவன், நிற்கிறான்.

வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடியில் தண்டல் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்காக: 10,000 ரூபாய் கேட்டால் முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். கேட்க என்னவோ 15 சதவீதம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே போவதால், வருஷக் கணக்கில் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. தண்டல் நோட்டுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

இட்லிக்கடை போடும் ஒரு அக்காவிடம், நல்ல எண்ணத்தில்தான், ஒருவர் "அல்லாஹ் பார்த்துக்குவான்மா, அந்தக் காசு வேணாம்" என்றார். அக்கா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே சொன்னார்: "அல்லா பார்த்துப்பான் பாய். காலையில அரிசி மண்டிக்காரனையும் அவனே பார்த்துப்பானா?" அதை நம்பிக்கையில்லாத பேச்சு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஐந்து வேளையும் தொழுகிற பெண் அவர்.

என் அத்தா (அப்பா) சென்னை பர்மா பஜாரில் கடை வைத்திருந்தவர். கடைசிவரை வட்டிக்கு ஒரு பைசா வாங்கியதில்லை. அவர் ஈமானைப் பற்றி இன்றும் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சரக்கு எடுக்கப் பணம் தட்டினால் பக்கத்துக் கடைக்காரர் பேப்பர், கையெழுத்து எதுவும் இல்லாமல் கைமாத்து கொடுப்பார். அடுத்த மாதம் அத்தா அவருக்குக் கொடுப்பார். அத்தாவின் ஈமானுக்குப் பக்கத்தில் ஒரு கல்லாப்பெட்டி திறந்திருந்தது. இட்லிக்கடை அக்காவுக்கு எந்தக் கல்லா திறந்திருக்கிறது?

குர்ஆனின் அல்பகறா அத்தியாயத்தில் வட்டி வரும் பகுதியை நிறுத்தி நிதானமாக ஓதிப் பாருங்கள். 275ஆம் வசனத்தில்தான் வட்டி வருகிறது. அதற்கு முன்னால் 261லிருந்து 274 வரை கொடுப்பதைப் பற்றித்தான் பேச்சு: அல்லாஹ்வின் பாதையில் செலவு செய்யுங்கள், சொல்லிக் காட்டாதீர்கள், மறைத்துக் கொடுங்கள். அதற்கப்புறம்தான் வட்டிக்குத் தடை. பிறகு 280இல், கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்கிறது. நாம் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் பயானில் எடுத்துக்கொள்கிறோம்.

நபியவர்கள் (ஸல்) இறுதி ஹஜ்ஜின் உரையில் அறியாமைக் காலத்து வட்டியை ரத்து செய்தபோது எங்கே கைவைத்தார்கள்? தம் சிறியதந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியில். முதல் அடி, சொந்தக் குடும்பத்தில் கடன் கொடுத்திருந்தவர் மேல். நம் முன்வரிசைக்கு அந்தப் பாதி ஏனோ காதில் ஏறுவதே இல்லை. பேங்கில் தானாக விழுகிற வட்டியை நன்மை எதிர்பார்க்காமல் கொடுத்துத் தொலைத்துவிட வேண்டும் என்ற மஸ்அலா (மார்க்கச் சட்டம்) மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பைத்துல்மால் (ஜமாஅத்தின் பொது நிதி) இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சில முஹல்லாக்களில் (பள்ளிவாசல் வட்டாரங்களில்) நன்றாகவே நடக்கிறது. பெரும்பாலும் நகையை வைத்தால்தான் வட்டியில்லாக் கடன். நகை இருக்கிறவர் எப்படியும் ஒரு வழி பார்த்துக்கொள்வார். தாலிச்சங்கிலியில் கருகமணி மட்டும் மிஞ்சியவர்கள்தான் தண்டலுக்கும், வாராவாரம் கட்டும் குழு லோனுக்கும் போகிறார்கள். ஜகாத் (வசதியுள்ளவர்களுக்குக் கடமையான தர்மம்) யாருக்கு என்று தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் கடனில் மூழ்கியவர்கள் தனி வகை. ரமலானில் சேலை கொடுக்கிறோம், அரிசிப் பை கொடுக்கிறோம். ஒரு தண்டல் நோட்டையாவது அடைத்துக் கொடுத்தோமா?

வர்ற ரமலானுக்கு முன்னால் எங்கள் முஹல்லாவில் இதைக் கேட்கப் போகிறேன். பத்துக் கடைக்காரர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் போதும், நகை கேட்காமல், ரெண்டு பேர் ஜாமீனில், தினம் நூறு ரூபாய் என்றே திருப்பி வாங்கலாம். 8,500 கொடுத்தால் 8,500தான். 85 நாளில் முடிந்துவிடும்.

"திரும்ப வராது பாய், கணக்கு யார் பார்க்கிறது" என்று இப்போதே ஒருவர் இன்பாக்ஸில் ஆரம்பித்துவிட்டார். கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள் என்று சொல்லும், அதே அல்பகறாவின் 282தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். நோட்டு நான் வாங்கித் தருகிறேன், பாய்.