டாக்டர் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

வணக்கம் அக்கா. ஆட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனக்குறைவு, மிகைத்துடிப்பு) என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை அரசுப் பள்ளி பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாது என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெற்றோர் பலர் இதைப் பகிர்ந்துகொண்டிருப்பதால் சொல்கிறேன்: விதி அப்படி இல்லை.

நம் தென்னாப்பிரிக்காவின் அடிப்படைக் கல்வித் துறை 2014இல் எஸ்ஐஏஎஸ் (SIAS: பிள்ளையின் தேவையைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, ஆதரவு தருவது) என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி முதல் அடி வகுப்பு ஆசிரியருடையது. பிள்ளை எதில் திணறுகிறது, எதில் நன்றாகச் செய்கிறது என்று பெற்றோரிடமும் பேசி, எஸ்என்ஏ 1 (SNA 1) என்ற ஆதரவுத் தேவை மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி, வகுப்பிலேயே உதவியைத் தொடங்க வேண்டும். அது போதவில்லை என்றால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்என்ஏ 2 நிரப்பும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் மாவட்டக் குழு, எஸ்என்ஏ 3. பிள்ளைக்கு என்ன தேவை என்பதுதான் அங்கே கேள்வி, நோயின் பெயர் அல்ல. டாக்டர் அறிக்கை கையில் இருந்தால் கொடுங்கள், நல்லதுதான். பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கும்போது அறிக்கை கேட்கக்கூடும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். துறையின் இணையதளத்தில் எஸ்ஐஏஎஸ் என்று தேடினால் கொள்கை முழுதும் இலவசமாகக் கிடைக்கும். பின்பகுதியில் படிவங்கள் இருக்கின்றன. எஸ்என்ஏ 1ஐத் திறந்து, நிரப்ப வேண்டியவர் யார் என்று மட்டும் பாருங்கள். பள்ளி மறுத்தால், அந்தப் படிவத்தின் பெயரைச் சொல்லியே எழுத்தில் கேளுங்கள்.