ஊட்டியில் வண்டி நெரிசல், காசிமேட்டில் 61 நாள் சும்மா

மே மாதம் ஊட்டி மலையேறக் காத்துக் கிடக்கும் வண்டி வரிசையைப் படம் எடுத்து மாமா பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அப்போது நான் வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். விசைப்படகு எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கிறது. ஒரு படகின் மேல்தட்டில் நாலு பேர் வலையை மடியில் போட்டுக் கிழிசல் தைக்கிறார்கள், அதில் ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து ஊசியை ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால் பத்து நிமிஷம் நகர மாட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

ஊரே லீவில் சுற்றக் கிளம்புகிற நாட்கள்தான் இங்கே கையில் காசு இல்லாத நாட்கள். ஒன்றிய அரசு வருஷம் முழுக்க சுற்றுலா, நீடித்த சுற்றுலா என்று பேசுவது நல்லதுதான், ஆனால் அந்த வருஷத்தை யார் வீட்டு காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்.

2014-15ல் சுற்றுலா இடங்களை மேம்படுத்த ஸ்வதேஷ் தர்ஷன் என்ற திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த கடற்கரைச் சுற்றில் சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரி. சென்னை என்று எழுதிய கையோடு பேனா தெற்கே திரும்பிவிட்டது! அப்புறம் ஸ்வதேஷ் தர்ஷன் 2.0, அதில் மாமல்லபுரமும் நீலகிரியும். 2024ல் மாநிலங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து 40 இடங்கள் என்றார்கள், நம் பங்குக்கு மாமல்லபுரத்தில் ஒரு பூங்கா, நீலகிரி தேவாலாவில் ஒரு பூந்தோட்டம். அந்த நீலகிரி தாங்காது என்றுதான் உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கச் சொன்னது, அடுத்த வருஷம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கும் போட்டது. ஏற்கெனவே வழிகிற குடத்திலேயே தண்ணி ஊற்றினால் என்ன அர்த்தம்?

தடைக்காலத்தில் காசிமேட்டுக்கே ஆட்களைச் சுற்றிப் பார்க்கக் கூட்டி வரலாமே என்றால், கத்திரி வெயிலில் அங்கே எவன் வருவான் என்று என் மனைவியே கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வெயில் கிடையாது. தடைக்காலத்திலும் சின்னப் படகுகள் போகும், கொஞ்சமாவது மீன் வரும். அங்கிருந்து ராயபுரம் ஸ்டேஷன் பக்கம்தான், 1856ல் திறந்தது, இந்தியாவில் இன்றும் நிற்கிற ரயில் நிலையங்களில் அதுதான் பழசு, நம்மில் பாதிப் பேர் உள்ளே காலே வைத்ததில்லை. சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். சுற்றிக்காட்டவும் சமைத்துப் போடவும் வலை தைக்கிற அந்த ஆட்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அந்த இரண்டு மாதம் கூலி கொடுத்தால் போதும்.

படகு வைத்திருக்கிற சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "டூரிஸ்ட் வரான்னு அழகுபடுத்த ஆரம்பிப்பாங்க, அப்புறம் முதல்ல நம்மளத்தான் கெளப்புவாங்க" என்றார். மெரினா பக்கம் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் 2023ல் மீன் கடைகளை எடுத்ததைப் பார்த்தவர், அவர் பயத்தை லேசாகத் தள்ள முடியவில்லை. எண்ணூரோ இன்னும் மோசம். அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றில் படகும் வலையும் கறுத்துப்போனது. அந்த முகத்துவாரத்தை வைத்துக்கொண்டு நீடித்த வளர்ச்சி என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் கோபம் வராதா?

எண்ணூருக்கும் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கிற பழவேற்காட்டைப் பாருங்கள். டச்சுக்காரன் 1613ல் கோட்டை கட்டிய ஊர். கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறான், பிள்ளைகள் அதைவிட்டு வரவே மாட்டார்கள். ஊட்டிக்குக் கூட்டம் குறைகிற குளிர்காலத்தில்தான் ஏரிக்குப் பூநாரை வரும். போன ஜனவரியில் கோயம்புத்தூர் நண்பன் குடும்பத்தைக் கூட்டிப் போனேன். தூரத்தில் தண்ணிக்கு மேல் ரோஸ் கலரில் ஒரு கோடு, அது அசைந்தபோதுதான் பறவை என்று தெரிந்தது. எல்லாரும் வாயடைத்து நிற்க, நண்பனின் அம்மா மெதுவாக என் கையைப் பிடித்து பாத்ரூம் எங்கே என்று கேட்டார். டீக்கடை அக்கா தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், உடனே படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். சரி, லைஃப் ஜாக்கெட்டும் லைசென்ஸும் பயிற்சியும் கொடுத்து முறையாக நடத்த இத்தனை வருஷம் போதாதா?

2025 பட்ஜெட்டில் மாநிலங்களோடு சேர்ந்து 50 இடங்களை வளர்ப்போம் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்தத் தடவையாவது பேனா கொஞ்சம் வடக்கே திரும்புகிறதா பார்க்கலாம்.

எப்படியும் வருகிற தை மாதம் பழவேற்காடு போகிறோம், இரண்டு கார். வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பொன்னேரியில் கண்டிப்பாக ஒரு தடவை வண்டி நிறுத்துவோம், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.